ஐந்து ரிப்போர்ட், நான்கு தைலம்

இன்சூரன்ஸ் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி மேலாளர் கேட்டார். போன வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உங்களைப் பார்த்தேன். பத்து விரலாலும் டைப் அடிக்கிறீர்கள். நான் ஓய்வு பெறும் நாள் வரை ஒரு விரல்தான். எந்தக் கம்பெனிக்கு எந்த விண்ணப்பப் பாரம், அப்ரூவல் வராவிட்டால் யாரைப் போனில் பிடித்து உலுக்குவது, இதெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றிச் சொல்கிறேன். அது சரியாகிவிட்டதா இல்லையா என்று எனக்கே இன்னும் குழப்பம்தான். தெளிவாக ஒரு பாடம் வேண்டும் என்றால் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஒருத்தர் பெயரில் இன்னொருத்தர் காரியம் நடப்பது பெரிய விஷயமே இல்லை. தம்பி பெயரில் சிம் கார்டு இருக்கும், மச்சான் பெயரில் வண்டி ஓடும், செத்துப்போன பெரியப்பா பெயரில் கரண்டு பில் வரும். ஏன் என்று கேட்டால், "நம்ம ஆளுதான, இன்னா இப்ப" என்பார்கள். நானும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான். பெயர் என்பது வீட்டில் எல்லோருக்கும் பொதுவான ஒரு துண்டு மாதிரி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஏழுமலை என் மேசைக்கு வந்தது ஒரு தை மாதம். வடக்கனந்தல்காரர், நாற்பதுக்குள் வயது. துபாயில் ஏசி மெக்கானிக். கூடவே அவர் தம்பி கோவிந்தனும் வந்திருந்தான். ஏழுமலை முழுக்கைச் சட்டையின் மேல் பட்டன் வரை போட்டு, கழுத்தில் கர்ச்சீப் வேறு சுற்றியிருந்தார். பொங்கல் வெயிலில் எதற்கு இந்த வேஷம் என்று நினைத்தேன். அவர் கர்ச்சீப்பை லேசாக விலக்கிக் காட்டினார். கழுத்தின் கீழே குறுக்காக ஒரு தழும்பு இருந்தது.

துபாய்க்குப் போவதற்கு முந்தைய வருஷம் அவருக்குத் தைராய்டில் புற்றுநோய். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். அந்த ஊர் டாக்டர் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சுரப்பி இருக்கிறவர்கள் ரத்தத்தில் அது சுரக்கும் ஒரு பொருள் கொஞ்சம் இருக்கும், அது இயல்பு. சுரப்பியை எடுத்துவிட்டவருக்கு அது இருக்கவே கூடாது. "இல்லை" என்று வந்தால் நிம்மதியாக இரு, எண் எதுவும் வந்தால் உடனே ஓடி வா என்று சொல்லியிருக்கிறார்.

"அங்க கம்பெனியில இன்சூரன்ஸ் இருக்கு இல்ல? அதுல பாக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அய்யோ மேடம், சேரும்போது பாரத்துல நோய் எதுவும் இல்லைன்னு டிக் போட்டுட்டேன். ஏஜெண்டுதான் போடச் சொன்னாரு. இப்ப இது தெரிஞ்சா கையில டிக்கெட்ட குடுத்து அனுப்பிடுவாங்க. அதான் லீவுல வரும்போது இங்கயே காசு குடுத்துப் பாத்துக்கலாம்னு வந்தேன்."

"பாருங்க. யாரு வேணான்னது?"

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பிதான் வாயைத் திறந்தான்.

"இல்லக்கா, இப்பல்லாம் ஆதார் நம்பரைத் தட்டுனா எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துடுதாம். பாஸ்போர்ட்டோட சேந்துக்குதாம். அண்ணன் பேர்ல இங்க பாத்தா அது துபாய் வரைக்கும் போயிடுமாமே. என் பேர்ல போட்டுக்குங்களேன். நான் எங்க போவப் போறேன், மரவள்ளி லோடு ஏத்திக்கினு மலைக்கும் மில்லுக்கும் போய்க்கினு வந்துக்கினு கிடக்கறவன்."

நம் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பக்கத்து அறை பிரிண்டருடனேயே பேசாது. அது துபாயோடு பேசுமாம். சிரிப்புதான் வந்தது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவர் முகத்தில் பயம் நிஜமாக இருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள், வீடு பாதியில் நிற்கிறது, அவர் வேலை போனால் எல்லாம் போச்சு. பாவமாக இருந்தது. கோவிந்தனின் ஆதாரை வாங்கி அவன் பெயரில் கோப்புப் போட்டேன். இரண்டு நிமிஷ வேலை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் பெரிய மேதாவி மாதிரி ஒரு புத்திமதியும் சொன்னேன். "ஒரு வருஷம் கூட விடாதீங்க. இன்னைக்கு இல்லன்னாலும் என்னைக்காவது இந்தக் கோப்பைக் கேப்பாங்க. நடுவுல ஒரு வருஷம் காணலைன்னா எந்த இன்சூரன்ஸ்காரனும் ஒத்துக்க மாட்டான். அடுத்த தடவை என்னைக்கூடப் பாக்க வேணாம், நேரா லேபுக்குப் போய்க் கோப்பு நம்பரைச் சொல்லுங்க." கோவிந்தன் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். நான் சொன்னதை அந்த மனிதன் எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

முதல் ரிப்போர்ட்டில் "இல்லை" என்று வந்தது. ஏழுமலை துபாய்க்குத் திரும்புமுன் என் மேசைக்கு வந்து ஒரு தைல பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். துபாயிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கொண்டுவருவார்களே, அந்தப் பச்சைத் தைலம்தான். லஞ்சம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கிக்கொண்டேன். தலைவலிக்கு அது நன்றாகக் கேட்கும். நான் எதையும் தீர்த்துவிட்டுத் தூக்கிப் போடுகிறவள் இல்லை, காலி பாட்டில்களும் என் இழுப்பறையிலேயே கிடந்தன.

வருஷங்கள் போயின. ஒரு நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில், வாட்ஸ்அப்பில் அவர் அழைத்தார்.

"மேடம், ஏழுமலை பேசறேன். இன்னா பண்றதுனே தெரியல."

தொண்டை வலி என்று அங்கே கம்பெனி கிளினிக்குக்குப் போயிருக்கிறார். டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து, இது என்ன தழும்பு என்று கேட்டிருக்கிறார். இவரால் பொய் சொல்ல முடியவில்லை. உடனே அதே ரத்தப் பரிசோதனை எடுத்திருக்கிறார்கள். மூன்று என்று எண் வந்திருக்கிறது.

"டாக்டரு இன்னா சொல்றாருன்னா மேடம், பழைய ரிப்போர்ட்டெல்லாம் கொண்டாங்கறாரு. முன்னாடி எப்பயாவது இது ஏறி தானா இறங்கியிருந்தா, ஆறு மாசம் பொறுத்துப் பாக்கலாமாம். எப்பயுமே இல்லாம இப்ப புதுசா வந்திருந்தா, உடனே ஸ்கேன் எடுத்து உடனே வைத்தியம் பண்ணணுமாம். திங்கக்கிழம காலையில வரச் சொல்லியிருக்காரு."

"சரி, அனுப்பறேன்."

"அதான் மேடம், எல்லாம் தம்பி பேர்ல இருக்கே. பேரை மட்டும் மாத்தி அனுப்பிடுங்க. இன்சூரன்ஸ்காரன் வேற போன் பண்ணி இந்த நோய் புதுசா பழசான்னு கேக்கறான். பழசுன்னா காசு தரமாட்டான். டாக்டருக்குப் பழசு வேணும், அவனுக்குப் புதுசு வேணும். எனக்குத் தலை சுத்துது மேடம்."

எனக்கும் சுற்றியது. ஆனால் பெயரை மாற்றுவது என் கையில் இருந்தது. இனிஷியல் தவறு, கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றம் இவற்றுக்காக என் லாகினில் அந்த வசதி கொடுத்திருந்தார்கள். கோவிந்தன் கோப்பைத் திறந்தேன். ஐந்து ரிப்போர்ட்டுகள் இருந்தன. முதல் வருஷம் இல்லை, இரண்டாம் வருஷம் இல்லை, மூன்றாம் வருஷம் பதினான்கு, நான்காம் வருஷம் இல்லை, ஐந்தாம் வருஷமும் இல்லை.

பதினான்கைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். முன்பே ஒரு தடவை பதினான்கு வரை ஏறித் தானாக இறங்கியிருக்கிறது. இப்போது மூன்றுதானே. டாக்டர் சொன்னபடி பார்த்தால் பொறுத்துப் பார்க்கலாம். வைத்தியச் செலவு வராததால் இன்சூரன்ஸ்காரனுக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம், அவர் வேலையும் போகாது, என் குட்டும் வெளிப்படாது. எல்லாரும் பிழைத்தோம் என்று ஒற்றை விரலால் கோவிந்தன் பெயரை அழித்து ஏழுமலை என்று அடித்தேன். சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

அந்த நேரத்தில் எனக்குத் தலைவலி. பழக்கத்தில் இழுப்பறையைத் திறந்து தைலத்தைத் தேடினேன். நான்கு பாட்டில்கள் இருந்தன. மூன்று காலி, ஒன்று பாதி. ஏழுமலை வந்த ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டில் தந்தார், ஒரு தடவையும் மறந்ததில்லை. திரையைப் பார்த்தேன், ஐந்து ரிப்போர்ட். இழுப்பறையைப் பார்த்தேன், நான்கு பாட்டில். மறுபடியும் எண்ணினேன். ஒரு பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோனேனா, யாருக்காவது கொடுத்தேனா என்று யோசித்தேன். நான் யாருக்கும் எதையும் கொடுக்கிறவள் இல்லை, உங்கள் சீனியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சேமிக்காமல் மூடினேன். ஏழுமலையைக் கூப்பிட்டேன்.

"நீங்க எல்லா வருசமும் லீவுக்கு வந்தீங்களா?"

"நடுவுல ஒரு வருசம் வரல மேடம். சைட்டுல வேலை ஜாஸ்தின்னு லீவு தரல."

"எந்த வருசம்?"

சொன்னார். பதினான்கு வந்த வருஷம்.

"அப்ப அந்த வருசம் டெஸ்ட்டு?"

"பாக்கலியே மேடம். ஒரு வருசம்தானன்னு விட்டுட்டேன். ஏன் கேக்கறீங்க?"

அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தேன். எனக்கே தெரியாத ஒன்றைத் துபாயில் இருப்பவருக்கு எப்படிச் சொல்வது? கோவிந்தனுக்குப் போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. அவன் வீட்டுக்குப் போட்டேன். "வெள்ளிமலைக்கு லோடு ஏத்தப் போயிருக்காரு, ஞாயித்துக்கிழமதான் எறங்குவாரு" என்றாள் அவன் மனைவி. அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு வரை காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை.

சனிக்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, அணை தாண்டி, வளைவு ஆரம்பித்ததுமே போனில் சிக்னல் போய்விட்டது. வழியெல்லாம் மண்டைக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். வேறு யாராவது நோயாளியின் ரத்தம் மாறிவிட்டதா? லேபில் தவறா? இல்லை, ஏழுமலைதான் வந்துவிட்டு மறந்துவிட்டாரா? ஒவ்வொரு வளைவிலும் ஒரு பதில் தோன்றியது, அடுத்த வளைவில் அது பொருந்தவில்லை. போதாததற்கு வாந்தி வேறு வருகிற மாதிரி இருந்தது.

வெள்ளிமலையில் இறங்கி விசாரித்து, இரண்டு கிலோமீட்டர் நடந்து, சாலையோரம் அவன் மினி லாரியைக் கண்டுபிடித்தேன். பக்கத்துக் கொல்லைக்காட்டில் பெண்கள் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி மண் தட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தன் லாரி மேலே நின்று மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தவன், என்னைப் பார்த்ததும் குதித்து இறங்கினான்.

"அக்கா? நீங்க எங்க இங்க? அண்ணனுக்கு ஏதாச்சுமா?"

"உங்க அண்ணன் லீவுக்கு வராத வருசம், லேபுக்குப் போய் ரத்தம் குடுத்தது யாரு?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி.

"நான்தான்க்கா. நீங்கதான சொன்னீங்க, ஒரு வருசம் கூட விடக்கூடாது, கோப்பு செல்லாமப் போயிடும்னு. அவன் வரல, நான் போய்க் குடுத்துட்டு வந்தேன். பேரும் என் பேருதான, ஆதாரும் என்னுதுதான. லேபுல ஒரு கேள்வி கேக்கல. பதினாலுன்னு வந்துது. நார்மல்னு பக்கத்துலயே போட்டிருந்தாங்க."

நான் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். சுரப்பி உள்ள ஆளுக்குப் பதினான்கு இயல்புதான், அதனால் ரிப்போர்ட்டில் எந்த அடையாளமும் போடவில்லை. அந்தக் கோப்பில் பெயரும் ரத்தமும் ஒத்துப்போன ஒரே ரிப்போர்ட் அதுதான். என் கை பட்ட நான்கும் பொய், என் கை படாத ஒன்றுதான் நிஜம்.

"ஏன்க்கா, தப்பாயிடுச்சா?"

மூன்று வந்ததை, டாக்டர் கேட்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நெற்றியைச் சுருக்கிக் கேட்டான்.

"அப்ப பேரை மாத்தி அனுப்பிடுங்க. என் பதினாலு அவனுக்குப் போயிடும். ஏறி எறங்கியிருக்குன்னு டாக்டரு ஆறு மாசம் விட்டுடுவாரு. அவனுக்கும் வேலை போவாது. நல்லதுதான்க்கா?"

நானும் முந்தின நாள் இதைத்தான் நினைத்தேன். அவன் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு பெரிய தப்பு என்று உறைத்தது.

"கோவிந்தா, உங்க அண்ணனுக்கு ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. நாலு தடவையும் ஒண்ணும் இல்ல. இப்பதான் மொத மொத வந்திருக்கு. உன் ரத்தத்தைக் காட்டி ஆறு மாசம் ஓட்டுனா, அந்த ஆறு மாசத்துல அது எங்கெங்க போவும்னு யாருக்குத் தெரியும்?"

அவன் லாரி டயரில் சாய்ந்துகொண்டான். கிழங்கு பிடுங்கிய பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். அவன் குனிந்தபடி சொன்னான்.

"நான் நல்லதுன்னு நெனைச்சுதான்க்கா குடுத்தேன்."

"நானும் நல்லதுன்னு நெனைச்சுதான் பேரு போட்டேன்."

"அப்ப எனக்குப் பதினாலுன்றது... எனக்கும் அது இருக்கா?"

இல்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இருந்தால் அண்ணனுக்குக் கெட்டது, இருந்தால் உனக்கு நல்லது என்றால் யாருக்குத்தான் புரியும்? கடைசியில் அவன் அந்த லோடை அப்படியே விட்டுவிட்டு, என்னை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு இறங்கினான். ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்டான்.

நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். நான் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கும் மனிதர், அதிகம் பேசாதவர். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இது மாதிரி இன்னும் எத்தனை பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கீங்கம்மா?"

யாருக்கும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது வரவில்லை. "தெரியலைங்க சார்" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு வந்த அவமானம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. திட்டியிருந்தால் கூட மறந்திருப்பேன்.

அவர் லெட்டர் பேடை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "நீங்களே எழுதுங்க. உங்க பேரை மொதல் வரியில போடுங்க. இங்கிலீஷை நான் பாத்துக்கறேன்." எழுதினேன். இந்த ஐந்து ரிப்போர்ட்டில் நான்கு ஏழுமலையுடையவை, மூன்றாம் வருஷத்தது மட்டும் அவர் தம்பியுடையது, தம்பி ஆரோக்கியமானவர், பெயர் மாறியது ஆஸ்பத்திரி மேசையில், மாற்றியது நான். அவர் பிழைகளைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். அனுப்புவதற்கு முன் ஏழுமலையிடம் கேட்கச் சொன்னார்.

அந்தப் போன் பேச்சுதான் என் சர்வீஸிலேயே கஷ்டமானது. தம்பி ரத்தம் கொடுத்த கதையை முதலில் சொன்னேன். "இதை அனுப்பினா உங்களுக்குப் பழைய நோய்தான்னு இன்சூரன்ஸுக்குத் தெரிஞ்சிடும். வேலை போவலாம். இது இல்லாம ரிப்போர்ட்டுல பேரை மட்டும் மாத்தி அனுப்பினா, டாக்டரு பொறுத்துப் பாக்கலாம்பாரு. இன்னா பண்ணட்டும்?" என்று கேட்டேன்.  அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடுகிற இரைச்சல் கேட்டது.

"அப்ப வந்திடுச்சுங்களா மேடம்?" என்றார்.

"அத டாக்டருதான் சொல்லணும். எனக்குத் தெரிஞ்சது, முன்னாடி இல்ல, இப்ப இருக்கு."

"அனுப்புங்க மேடம். என் பேர்லயே அனுப்புங்க."

திங்கட்கிழமை அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தில் இரண்டு சின்ன நெறிக்கட்டிகளில் புற்றுநோய் மறுபடி வந்திருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி ஏன் மறைத்தாய் என்று கேட்டுக் கடிதம் அனுப்பியது. பிறகு பல நாள் கம்பெனியிடமிருந்து தகவலே இல்லை. கையில் இருந்ததைப் போட்டு, பாதி வீட்டை அப்படியே நிறுத்திவிட்டு, புதுச்சேரிக்கு வந்து மறுபடி ஆபரேஷன் செய்துகொண்டார். சீக்கிரம் பிடித்ததால் பிழைத்தீர்கள் என்றார்களாம். அதற்கிடையில் துபாயிலிருந்து ஒரு மெயில் வந்தது. இது ஏற்கனவே இருந்த நோய், ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு வருஷாந்திரப் பரிசோதனையும் வைத்தியமும் பாலிசியில் உண்டு. வேலையிலிருந்தும் அனுப்பவில்லை. நல்ல ஏசி மெக்கானிக்கை யார் விடுவார்கள்?

அந்த மெயிலை நான் நாலு தடவை படித்தேன். அப்படியானால் முதல் நாளே சொல்லியிருந்தால் இந்த ஐந்து வருஷப் பரிசோதனையும் அங்கேயே நடந்திருக்குமா? இல்லை, முதல் நாளே சொல்லியிருந்தால் விசாவே கிடைத்திருக்காதா? ஏழுமலைக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சும்மா கேட்டுப் பார்த்திருக்கலாம் என்பது மட்டும் தெரிகிறது. நாங்கள் ஒருத்தரும் கேட்கவில்லை. பயந்துகொண்டிருந்ததில் கேட்கத் தோன்றவில்லை.

என்னை மேசையிலிருந்து எடுத்து ஆறு மாதம் பழைய கோப்புகள் அறையில் போட்டார்கள். பெயரும் ஆளும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் வேலை. இன்னும் இரண்டு கிடைத்தன. இரண்டும் என் கையெழுத்து. அவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை, அந்தக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் சந்தோஷமாக உங்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு எழுந்திருப்பேன். போன வருஷம் கோவிந்தன் என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கடிதம். லாரிக்காரர்கள் சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்கள். இவன் பாரத்தில் நோய் எதுவும் இல்லை என்று உண்மையைத்தான் எழுதியிருக்கிறான். கம்பெனி விசாரிக்க, நம் ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ கம்ப்யூட்டரைப் பார்த்து, இந்தப் பெயரில் ஐந்து வருஷம் புற்றுநோய்க் கண்காணிப்பு நடந்திருக்கிறது என்று பதில் அனுப்பிவிட்டார்கள். நோயை மறைத்தார் என்று சொல்லி அவனை மட்டும் தள்ளிவிட்டார்கள்.

"அண்ணனுக்கு இப்ப எல்லாம் ஃப்ரீயா பாக்கறாங்கக்கா. எனக்கு ஒண்ணுமே இல்ல, எனக்குத் தரமாட்டேங்கறாங்க. இன்னாக்கா இது?"

ஆஸ்பத்திரியில் சொல்லிக் கோப்பைத் திறந்து பார்க்க வைத்தேன். ஏழுமலை விஷயத்தில் துபாய்க்கு எழுதிய கடிதத்தை நம் கோப்பில் நான் உட்பட யாரும் இணைக்கவில்லை. திருத்தம் துபாய்க்குப் போய்ச் சேர்ந்தது, இங்கே தப்பு அப்படியே இருக்கிறது. அன்றிலிருந்து அவனுக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை நான்கு கடிதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய காகிதம் கேட்டுப் பதில் வருகிறது. கடைசியாக, நோய் இல்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டிருக்கிறார்கள். வராத நோய்க்கு எந்த டாக்டரிடம் போய் அத்தாட்சி வாங்குவது என்று அவன் கேட்கிறான்.

நான் கோப்பு நம்பரைக் கீழே எழுதவில்லை, மேலாளரிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன். அவன் அடுத்த வாரம் உங்கள் மேசைக்கு வருவான். கிழங்கு மண் ஒட்டிய சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் என் நான்கு கடிதங்கள். பெயரைக் கேட்டு நீங்கள் கம்ப்யூட்டரில் தட்டினால் அது புற்றுநோயாளி என்றுதான் சொல்லும். தட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை நிமிர்ந்து அவன் கழுத்தைப் பாருங்கள். அங்கே தழும்பு கிடையாது.